தாத்தாவின் கத்திக்கு என்ன வயசு?

முதலில் ஒரு வாக்குமூலம். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த ஒரு சாட்சியத்தை நான் இருபதே நிமிஷத்தில் அழித்தேன். பயன்படுத்திய ஆயுதங்கள்: உப்புத்தாள் இரண்டு, எலுமிச்சம்பழம் அரை மூடி.

நடந்தது இதுதான். ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே பஞ்சாங்கங்கள், காது ஒடிந்த மூக்குக் கண்ணாடி, யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள், கூடவே வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி. தாத்தாவின் சவரக் கத்தி! அவர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது இதை எடுத்தார் என்பது எங்கள் குடும்ப வரலாறு.

பிளேடு முழுக்கத் துரு. கழுத்துப் பகுதியில் மட்டும் மங்கலாகச் சில எழுத்துக்கள். 'ஷெஃபீல்டு' என்று படிக்க முடிந்தது. அதற்கு மேலே ஒரு கிரீடம். கிரீடத்தின் வலது பக்கம் ஆங்கில 'ஆர்'. இடது பக்கமும் ஓர் எழுத்து இருந்தது, ஆனால் துருவுக்குள் புதைந்திருந்தது. 'தேய்த்தால் தெரிந்துவிடும்' என்று உட்கார்ந்து தேய்த்தேன். தேய்த்து முடித்தபோது எழுத்தும் தெரியவில்லை, கிரீடமும் தெரியவில்லை. என் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதற்கப்புறம்தான் இந்தக் கத்திகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். (நம் வழக்கமே அதுதானே... பரீட்சை முடிந்த பிறகு புஸ்தகம் வாங்குவது!) படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. நான் தேய்த்து எறிந்த அந்த ஒற்றை எழுத்துதான் கத்தியின் பிறந்த தேதி.

விஷயம் எளிது. கிரீடத்துக்கு இரு பக்கமும் உள்ள எழுத்துக்கள் அப்போது இங்கிலாந்தை ஆண்டவரைக் குறிக்கும். 'ஆர்' என்றால் லத்தீனில் ராஜா அல்லது ராணி. 'ஜி.ஆர்.' என்றிருந்தால் ஜார்ஜ் மன்னர். அந்தப் பெயரில் வரிசையாக நாலு பேர் ஆண்டார்கள், நாலாமவர் 1830ல் காலமானார். 'டபிள்யூ.ஆர்.' என்றால் நாலாம் வில்லியம். 1830லிருந்து 1837 வரை, ஏழே வருஷம்! 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா. 1837லிருந்து 1901 வரை, அறுபத்து நாலு வருஷம். அந்தம்மா நிதானமாக ஆண்டதால் அந்த முத்திரையை வைத்து வருஷத்தைக் குறுக்குவது கஷ்டம். வில்லியம் மட்டும் சேகரிப்பவர்களுக்கு அல்வா. டபிள்யூ இருந்தால் பத்து வருஷத்துக்குள் கத்தியைக் கட்டிப் போட்டுவிடலாம். (ராஜா போன மறுநாளே தொழிலாளி பழைய அச்சைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்க மாட்டான். அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு வம்பு. 1910ல் அஞ்சாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் 'ஜி.ஆர்.' திரும்பி வந்துவிட்டார். எழுத்தை மட்டும் பார்த்தால் கொள்ளுத் தாத்தாவையும் பேரனையும் குழப்பிக்கொள்வோம். அதனால்தான் பிளேடின் உடம்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கத்தியை மூக்குப் பக்கத்திலிருந்து பாருங்கள். அதாவது நுனியை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்து (ஜாக்கிரதை!) குறுக்குவெட்டு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். முதுகு தடியாக இருந்து, அப்படியே நேர்கோட்டில் சரிந்து கூர்மையில் முடிந்தால், அதாவது விறகு பிளக்கும் ஆப்பு மாதிரி இருந்தால், அது பழைய ஜாதி. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு கன்னமும் உள்வாங்கி, பட்டினி கிடந்த கவிஞர் மாதிரி ஒட்டிப் போயிருந்தால் அது பிற்காலம். சிறிய சாணைச் சக்கரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் குடைந்து எடுப்பார்கள். கூர் காகிதம் போல மெலிந்துவிடும். கட்டை விரல் நகத்தில் லேசாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும். தாடையில் ஓடும்போது மெல்லிசாக ரீங்காரம்கூடக் கேட்கும். இந்த வித்தையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொடி கட்டிப் பறந்தவர்கள் ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்க்காரர்கள்.

அடுத்தது வால். கத்தியைத் திறந்தால் ஆணிக்குப் பின்னால் சுண்டு விரல் வைப்பதற்கு ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளில் வால் கிடையாது, அல்லது கட்டை விரல் நகம் அளவுக்கு மொட்டையாக இருக்கும். 1800ஐ ஒட்டி வால் நீள ஆரம்பித்தது. போகப் போக வளைவும் வந்தது. பழசுகளில் பிளேடும் கழுத்தும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது, வழுக்கிக்கொண்டு போகும். பிற்காலத்தில் தோள்பட்டை மாதிரி ஒரு படி தெளிவாக வந்துவிடும். ஆக, வாலில்லாமல், தோளில்லாமல், நுனிப் பக்கம் கொஞ்சம் அகன்று கோடாலி ஜாடையில் ஒரு கத்தி கிடைத்தால் மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் முத்திரையில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருக்கிறதா? அதற்கும் ஒரு கதை உண்டு. 1740களில் ஷெஃபீல்டு பக்கத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லையே என்று வெறுத்துப்போய், மூசையில் போட்டு எஃகை உருக்கினார். ஊர்க் கத்திக்காரர்கள் 'இது ரொம்பக் கடினம், அடிக்க வராது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் பிரான்ஸுக்கு விற்றார். பிரெஞ்சுக்காரன் கத்தி நன்றாக வெட்டுகிறது என்று தெரிந்ததும் இவர்களுக்கு ஞானோதயம். பிறகு 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்துக்கொள்வதே பெருமை ஆகிவிட்டது.

மூசையில் எஃகு உருக்குவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. ஹன்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டு முன்பே தென்னிந்தியாவில் அது நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு'தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது என்பார்கள். நம் 'உருக்கு' அதற்குப் பங்காளி. 1795ல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த எஃகைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையே படித்தார். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் கத்திக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், வூட்ஸில் செய்த சவரக் கத்தி என்று விளம்பரமே செய்தார்.

இந்த ஸ்டோடார்டோடு சேர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? மின்சாரப் பாடத்தில் நம்மைப் படுத்தி எடுத்தாரே, அதே மைக்கேல் ஃபாரடே! கொல்லர் வீட்டுப் பிள்ளை. வூட்ஸின் ரகசியம் என்ன என்று குடைய ஆரம்பித்து, எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று வசதிப்பட்டதையெல்லாம் கலந்து பார்த்தார்கள். 1820லும் 1822லும் முடிவுகள் வெளியாயின. ஐந்நூறு பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான், கத்தி வியாபாரிகளுக்கு வாய் நிறையச் சர்க்கரை. 'சில்வர் ஸ்டீல்' என்று கத்திக்குக் கத்தி குத்தினார்கள். உள்ளே வெள்ளி இருந்ததா? மசாலா தோசையில் முந்திரி இருக்கிற மாதிரிதான். ஆனால் நமக்கு அதில் ஒரு லாபம். 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 1820க்குப் பிந்தியது. பொய் விளம்பரம்கூட சில சமயம் உண்மையான தேதியைச் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் ஷெஃபீல்டுக்கும் இன்னொரு பாலமும் உண்டு. சென்னையில் கும்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். அங்கே உருக்கிய இரும்பு ஷெஃபீல்டு வரைக்கும் போனது. அவரே அப்புறம் அந்த ஊருக்குப் போய், உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுக்க அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. அவருக்குச் சேர வேண்டிய காசு மட்டும் வரவில்லை. அன்வின் என்பவர் மீது போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1855ல் பிரபுக்கள் சபையில் ஹீத்துக்கு எதிராக முடிந்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

அந்த ஊர்த் தொழிலாளிகள் பாடும் சொல்லி மாளாது. சாணை பிடிப்பவர் குதிரைச் சேணம் மாதிரி ஒரு கட்டையில் கால் போட்டு உட்கார்ந்து, சுழலும் கல் மீது நாளெல்லாம் குனிந்திருப்பார். கல் தூளும் எஃகுத் தூளும் நேராக நெஞ்சுக்குள் போகும். 1843ல் கால்வர்ட் ஹாலண்ட் என்ற ஷெஃபீல்டு டாக்டர் இவர்களுடைய நுரையீரல் வியாதியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சில சமயம் சுற்றும்போதே கல் வெடித்து ஆளையே கொன்றுவிடும். துரைமார் முகம் வழவழப்பாக இருந்ததற்கு வேறு யாரோ இருமினார்கள்.

இனி சுங்கவரி. பி.காம். படிக்கும்போது இந்தப் பாடத்தில்தான் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையைக் கற்றேன். அதே சுங்கவரி இப்போது கத்திக்கு வயசு சொல்ல வந்து நிற்கிறது! 1890ல் அமெரிக்காவில் மெக்கின்லி சட்டம் வந்தது. (இந்த மெக்கின்லி பிறகு ஜனாதிபதியாகி 1901ல் சுட்டுக் கொல்லப்பட்டவர்.) வெளிநாட்டுச் சரக்கில் அது எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்க வேண்டும் என்றது சட்டம். 1891 மார்ச் 1லிருந்து அமல். அதுவரை 'ஷெஃபீல்டு' என்று ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டவர்கள் 'இங்கிலாந்து' என்று சேர்த்தார்கள். 'ஸோலிங்கன்' பக்கத்தில் 'ஜெர்மனி' வந்தது. ஆகவே நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891ஐ ஒட்டி, அல்லது அதற்குப் பிறகு. 'மேட் இன்' என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே பழசு என்று குதிக்கக் கூடாது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறாத கத்திக்கு அமெரிக்கச் சட்டம் என்ன செய்யும்?

அதற்கு மூணு வருஷம் முன்னால், 1887ல், இங்கிலாந்தும் ஒரு சட்டம் போட்டது. காரணம், ஸோலிங்கனில் செய்த சரக்கில் 'ஷெஃபீல்டு' என்று குத்தி ஷெஃபீல்டு வயிற்றிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். காலம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள்... 1938ல் ஜெர்மனி தனிச் சட்டம் போட்டு, ஸோலிங்கன் வட்டாரத்தில் செய்யாத எதிலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்றது. திருடப்படும் அளவுக்குப் பெயர் வந்த பிறகு எல்லோருக்கும் ஒழுக்கம் முக்கியம்தான்.

வருஷம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய சாமான் வியாபாரிகள் அதிகம் மிளகாய் அரைப்பது இந்த இடத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் ஒருவர், ஸோலிங்கன் கத்தி ஒன்றின் அட்டைப் பெட்டியைக் காட்டி, "பாருங்க சார், 1731னு போட்டிருக்கு. ஆற்காட்டு நவாப் காலம். ஆறாயிரத்துக்குக் கம்மி கிடையாது" என்றார். ஹென்கெல்ஸ் கம்பெனியின் இரட்டையர் முத்திரை பதிவானது 1731ல். ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸின் நட்சத்திரமும் சிலுவையும்கூடப் பழைய முத்திரைதான். அதெல்லாம் கம்பெனியின் ஜாதகம், கத்தியின் ஜாதகம் இல்லை. மிட்டாய்க் கடை போர்டில் 'நிறுவப்பட்டது 1948' என்றிருந்தால் உள்ளே இருக்கிற மைசூர்பாகு 1948ல் கிண்டியதா என்ன? நான் சொன்னதைக் கேட்டு அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்ப மூவாயிரம் கொடுங்க" என்றார்.

கைப்பிடிக்கு வருவோம். கறுப்புக் கொம்பு என்றால் பழைய ஷெஃபீல்டு பழக்கம். சூடாக்கி இளக்கி அச்சில் அழுத்திப் பூ, சிங்கம் எல்லாம் எழுப்புவார்கள். இரண்டு தகடுக்கு நடுவே கடைசியில் ஈயத்தில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். கொம்பில் பூச்சி அரித்த பள்ளங்கள் இருந்தால் வருத்தப்படாதீர்கள், பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது. வெள்ளைக் கைப்பிடி என்றதும் 'தந்தம்!' என்று துள்ள வேண்டாம். பூதக் கண்ணாடியில் பாருங்கள். நுணுக்கமான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே சீராகக் கோடுகள் ஓடினால் செல்லுலாய்டு. அது 1870க்கு முன் கிடையாது, அதனால் அதுவே ஒரு தேதி. குறுக்கு வெட்டில் கோடுகள் வளைந்து ஒன்றையொன்று வெட்டினால் யானைத் தந்தம். அப்படியானால் சந்தோஷப்படுவதற்கு முன் சட்டத்தை நினையுங்கள், நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் மேதாவிகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும், பழைய சினிமா ஃபிலிம் செய்த அதே சரக்கு. விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் போதும், கற்பூர வாசனை வரும். இந்தச் செல்லுலாய்டுக்கு இன்னொரு கெட்ட குணம். வயசானால் அழுகி, அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கிற பிளேடைத் துரு தின்றுவிடும். பெட்டியில் நாலு கத்தியை ஒன்றாகப் போட்டு வைத்தால் நாலுக்கும் நோய்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒரு சந்தேகம் பாக்கி வையுங்கள். பிளேடுக்கும் கைப்பிடிக்கும் ஒரே வயசாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கீழே விழுந்தால் உடைவது கைப்பிடிதான். மாற்றிவிடுவார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் புதுப் பல் செட் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி, பல்லை மட்டும் பார்த்து வயசு சொல்லக் கூடாது.

ஏழு கத்தி வைத்த பெட்டிகளும் உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமைப் பெயர். எஃகுக்கு ஓய்வு கொடுத்தால் கூர் நிற்கும் என்று நம்பினார்கள். நம்மூரில் விற்றிருந்தால் செவ்வாயும் வெள்ளியும் போக அஞ்சு கத்தியே போதுமானதாக இருந்திருக்கும். முதுகில் 'வியாழன்' என்று மட்டும் இருக்கும் ஒற்றைக் கத்தி எங்காவது கிடைத்தால், அது குடும்பத்தைப் பிரிந்து வந்தது என்று அர்த்தம்.

இந்த ராஜ்யத்தை முடித்து வைத்தவர் ஜில்லெட். 1903ல் அவர் கம்பெனி விற்றது 51 ரேஸர், 168 பிளேடு, அவ்வளவுதான். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போனதோ முப்பத்தைந்து லட்சம் ரேஸர்! போரிலிருந்து திரும்பியவன் தோல் பட்டையில் கத்தி தீட்டிக்கொண்டிருப்பானா? நம் சலூன்களில் மட்டும் அந்தச் சர்ர்... சர்ர்... சத்தம் இன்னும் பல வருஷம் கேட்டது, பாதி பிளேடு மாட்டும் கத்தி வருகிற வரை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடைத்தால், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அதோடு சரி. எழுத்து இருக்கும் கழுத்துப் பக்கம் போகவே போகாதீர்கள். முதலில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். முக்கியமாக, அதை வைத்து ஷேவ் பண்ணிப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

என் கத்திக்குத் திரும்புகிறேன். பிளேடு கிட்டத்தட்ட ஆப்பு, கன்னம் லேசாக மட்டும் குழிந்திருக்கிறது. வால் நீளம், தோளும் உண்டு. கறுப்புக் கொம்பு, ஈயக் கட்டை. 'இங்கிலாந்து' கிடையாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் 1825க்கும் 1860க்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அதாவது அந்த எழுத்து ஜி, டபிள்யூ, வி மூன்றில் எதுவாகவும் இருந்திருக்கலாம்.

கடைசி நம்பிக்கையாக அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தெட்டு வயசு. ஞாபகம் கணீரென்று இருக்கும்.

"அப்பா, தாத்தா கத்தியில கிரீடத்துக்கு இந்தப் பக்கம் என்ன எழுத்து இருந்துச்சு?"

"எந்தக் கிரீடம்?"

"கழுத்துல, ஆணிக்குப் பக்கத்துல போட்டிருந்ததே..."

"அதை எங்கேடா பார்க்க விட்டாரு? கிட்டப் போனாலே முதுகுல ஒண்ணு விழும்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன், நீ பார்க்கலையா?" என்றார்.

"துரு" என்றேன்.